கூடைப்பந்து அணி எழுதிய மொய்

1

போன மாதம் எங்கள் வீட்டுக்கு ஒரு பத்திரிகை வந்தது. மெஸ் வைத்திருக்கும் முத்துவேல் அண்ணன் வீட்டுக் காதணி விழா. நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. உறையைத் திருப்பிப் பார்த்தால் என் பெயர் இல்லை, என் மனைவி கலாவின் பெயரும் இல்லை. நீல மையில், குண்டு குண்டான எழுத்தில் ‘ஆண்கள் கூடைப்பந்து அணியினர், துபாய்’ என்று எழுதி, அதற்குக் கீழே ‘குடும்பத்துடன்’ என்று அடிக்கோடும் போட்டிருந்தது.

கலா உறையை வாங்கிப் படித்தாள். சிரிக்காமல் கேட்டாள்.

“பதினாலு பேரு. ஒவ்வொருத்தனும் நிலைக்கதவு ஒசரம் இருக்கான். அண்ணன் எத்தன கெடா அடிக்கப் போறாராம்?”

இந்தப் பத்திரிகை எப்படி வந்தது என்று சொல்ல வேண்டுமானால், ஒரு கல்லூரிக் கூடைப்பந்து அணியின் வரவு செலவை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். பயப்படாதீர்கள். நான் பேராவூரணிப் பக்கத்து ஆள். துபாயில் இருபத்தைந்து வருடமாக அடுத்தவர் கணக்கை எழுதிப் பிழைக்கிறேன். இந்த விளையாட்டு எனக்கும் இன்றுவரை பிடிபடவில்லை. பாடுபட்டு ஓடிப்போய்ப் பந்தைக் கூடையில் போடுகிறார்கள். கூடைக்கு அடியில் ஓட்டை. கீழே விழுந்ததை எடுத்துக்கொண்டு மறுபடி ஓடுகிறார்கள். ஒரு கணக்கனாக இதில் மிச்சம் என்ன என்று நான் கேட்டபோது, என் மகன் எழுந்து அடுத்த அறைக்குப் போய்விட்டான்.

2

மகன் பெயர் நிரஞ்சன். பிறந்தது பர் துபாயில், வளர்ந்தது பக்கத்துப் பேட்டையான கராமாவில். பத்தாவது படிக்கும்போது ஒரு கோடை விடுமுறையில் திடீரென்று உயர ஆரம்பித்தவன், வீட்டு மின்விசிறிக்கு ஆபத்து வரும்வரை நிறுத்தவில்லை. கலாவின் தாய்மாமன் வழி உயரம் என்கிறார்கள். என் பங்கு அதில் பள்ளிக் கட்டணம் மட்டும்தான். அணியில் அவனை ‘நிரோ’ என்று கூப்பிடுகிறார்கள். ஒருநாள் வீட்டுக்கு வந்த நண்பன் ஒருவன் ‘நிரோ இருக்கிறானா’ என்று கேட்டதற்கு, அப்படி யாரும் இங்கே இல்லை, மேல்மாடியில் கேளுங்கள் என்று அனுப்பிவைத்தேன்.

அவன் படிக்கும் கல்லூரி சின்னது, கட்டணம் பெரியது. அணியில் ஆடுவதால் அவனுக்குப் பாதிக் கட்டணம் தள்ளுபடி. அந்தப் பாதியை நம்பித்தான் அவனைச் சேர்த்தேன். அல் கூஸில் ஏசி குழாய் செய்யும் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன் சம்பளத்துக்கு முழுக் கட்டணம் என்பது பகல் கனவு. இரண்டு வருடம் இப்படி ஓடிய பிறகு, கல்லூரியிலிருந்து பெற்றோருக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. ‘விளையாட்டுத் துறையின் நிதி முன்னுரிமைகளை மறுசீரமைத்தல்’ என்று தொடங்கி மூன்று பக்கம் போனது. கடைசிவரை படித்தும் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பயிற்சியாளர் இலியாஸ் பெற்றோரைக் கூப்பிட்டு இரண்டே வார்த்தையில் மொழிபெயர்த்தார்.

“பட்ஜெட் மாஃபி.” பணம் கிடையாது.

இலியாஸ் பெய்ரூத்காரர். கோபம் வந்தால் மூன்று மொழியில் கத்துவார், சந்தோஷம் வந்தாலும் அப்படியே. பாதிச் செலவைக் கல்லூரி தரும், மீதிப் பாதிக்கு விளம்பரதாரர் பிடித்து வர வேண்டும், பிடிக்காவிட்டால் வரும் சீசனிலிருந்து ஆண்கள் அணி கலாஸ், அதாவது முடிந்தது, தள்ளுபடியும் கலாஸ் என்றார். பிறகு என்னைப் பார்த்து விரலை நீட்டினார்.

“நீங்க கணக்காளர். நீங்க இந்தியர். இதைப் பாருங்க” என்று ஆங்கிலத்தில் சொல்லி அணியின் செலவுக் கணக்கைக் கையில் திணித்தார். இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன்.

கணக்கைப் பார்த்தேன். வரவுப் பக்கம் கல்லூரிப் பணம் ஒரே வரி. டிக்கெட் வசூல் என்ற இடத்தில் ஒரு கோடு. ஆட்டம் பார்க்க வருவது ஆடுகிறவர்களின் அறைத் தோழர்களும், லீவு கிடைத்தால் நானும்தான். செலவுப் பக்கம் மட்டும் நீண்டுகொண்டே போனது. ஏசி போட்ட மைதானத்துக்கு வாடகை, நடுவருக்குக் கூலி, போட்டிக்கு நுழைவுக் கட்டணம், பஸ், கணுக்காலில் சுற்றும் ஒட்டு நாடா, வாழைப்பழம். ஒரு சீசனுக்கு வாங்கிய வாழைப்பழத்தை வைத்து எங்கள் ஊர்ப் பக்கம் ஒரு கோயில் திருவிழாவையே நடத்திவிடலாம். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்டேன். ‘பனியன் சலவை, இஸ்திரி’ என்ற இடத்தில் என் பேனா நின்றுவிட்டது.

“கோச், இறங்கின உடனே வேர்வையில நனையப் போற பனியன். அதை எதுக்கு அயர்ன் பண்றீங்க?”

“டிசிப்ளின்” என்றார்.

டிசிப்ளினை அடித்தேன். பஸ்ஸை அடித்துவிட்டு மெட்ரோ என்று எழுதினேன். மறுவாரத்திலிருந்து அணி மெட்ரோவில் போனது. நைஜீரியாக்காரன் டேனியல் அணியிலேயே உயரம். மற்றவர்கள் பிடித்துக்கொண்டு தொங்கும் கைப்பிடி அவனுக்கு மூக்கில் இடித்தது. இத்தனை அடித்தும், தேவையான பாதியில் நான் மிச்சம் பிடித்தது மிளகாய் வாங்கக்கூடக் காணாது.

3

அணி கலைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி வீட்டில் யாரும் பேசவில்லை. எல்லோருக்கும் தெரியும். தஞ்சாவூரில் என் அண்ணன் வீட்டில் தங்கி அங்கேயே ஒரு கல்லூரியில் நிரஞ்சன் படிப்பை முடிக்க வேண்டும். அண்ணனும் தாராளமாக அனுப்பு என்றான்.

நிரஞ்சன் ஊருக்குப் போவது வருடத்தில் ஒரு மாதம். அங்கே இறங்கியதும் எல்லோரும் அவனிடம் இரண்டே கேள்வி கேட்பார்கள். எப்ப வந்த? எப்பப் போற? இரண்டாவதற்குப் பதில் சொன்னதும் பேச்சு முடிந்துவிடும். அவன் கட்டிலில் ஓர் ஓரமாக உட்கார்ந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டிருப்பான். அவனுக்கென்று நாற்காலி கொண்டுவந்து போடுவார்கள், டம்ளரைக் கழுவி வைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள்.

“அப்பா, அங்க நான் கெஸ்ட்” என்றான் ஒருநாள், காலணியைக் கழற்றிக்கொண்டே. “ஒன் மந்த் கெஸ்ட்டா இருக்கலாம். டூ இயர்ஸ் எப்படி இருக்கறது?”

உண்மையைச் சொன்னால், நானும் இப்போதெல்லாம் அங்கே விருந்தாளிதான். ஆனால் எனக்கு அந்த நாற்காலி பிடித்திருக்கிறது, அவனுக்குப் பிடிக்கவில்லை. அன்று மாலையே சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

4

போனது முத்துவேல் அண்ணனின் மெஸ்ஸுக்கு. எங்கள் ஊரிலிருந்து இரண்டு ஊர் தள்ளி அவர் ஊர். ஒரு கம்பெனி கேம்ப்பில் சமையலாளாக வந்தவர், இன்று கராமாவில் சொந்தமாகக் கடை வைத்து, நான்கு பேருக்குச் சம்பளம் கொடுத்து, நாற்பது பேரைத் திட்டிக்கொண்டிருக்கிறார். விஷயத்தைச் சொன்னேன். அணியின் பனியனில் கடைப் பெயர் போடுவார்கள் என்றேன்.

“ஏந்தம்பி, பந்து வெளையாடுற பய முதுகுல எம் பேரப் பாத்துட்டு எவன் புரோட்டா திங்க வருவான்?”

“அண்ணே, அது ஒரு விளம்பரம்...”

“அவன் ஓடிக்கிட்டே இருப்பான். எவன் படிக்கிறது?”

நியாயமான கேள்விதான். பெரிய கம்பெனிகளின் விளம்பரத் துறை மேலாளர்களிடம் இதற்கு வேறு பதில் இருக்கலாம், என்னிடம் இல்லை. எழுந்திருக்கப் போனேன். அப்போதுதான் என் வாயிலிருந்து அந்த வாக்கியம் விழுந்தது.

“மொய்யின்னு நெனச்சுக்கங்கண்ணே.”

அண்ணன் முகம் மாறியது. “அட, இத மொதல்லயே சொல்றதுக்கென்ன?” என்றார். கல்லாவைத் திறக்காமலே “ரெண்டாயிரம் எழுதிக்கங்க” என்றார்.

எங்கள் பக்கத்து வாசகர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஆடி பிறந்தால் எங்கள் பக்கம் மொய் விருந்து. பணம் தேவைப்படுகிறவர் பந்தல் போட்டுக் கிடாக்கறிச் சாப்பாடு போடுவார். வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு மொய் எழுதிவிட்டுப் போவார்கள். அது தானமும் இல்லை, கடனும் இல்லை. எழுதியவர் வீட்டில் கல்யாணம், காது குத்து என்று முறை வரும்போது வாங்கியதைத் திருப்பிச் செய்து, அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றியும் வைக்க வேண்டும். பழசு இவ்வளவு, புதுசு இவ்வளவு. அந்தப் புதுசுதான் உறவைத் தொடர வைக்கிறது. பழசை மட்டும் அப்படியே வைத்தால் உன் சங்காத்தமே வேண்டாம் என்று அர்த்தம். வைக்காமலே விட்டால் வீடு தேடி வந்து கேட்பார்கள், கேட்கிற சத்தம் அடுத்த தெருவுக்கும் போகும்.

அந்த வாக்கியத்தின் ருசி எனக்குப் பிடித்துப் போயிற்று. எங்கள் பக்கத்துக்காரர்கள் யார் யார் கடை வைத்திருக்கிறார்கள் என்று தேடித் தேடிப் போனேன். கார்கோ கடை, சலூன், கைபேசி பழுது பார்க்கும் கடை எல்லா இடத்திலும் அதே வாக்கியம். பர் துபாயில் துணிக்கடை வைத்திருக்கும் ஷாஜகான் காக்கா அதிராம்பட்டினத்துக்காரர்; அங்கே அண்ணனைக் காக்கா என்பார்கள். வாக்கியத்தை என்னை முடிக்கவே விடவில்லை. “உங்க ஆளுவளுக்கு மொய் செஞ்சே எங்க வாப்பாவுக்குப் பாதி ஆயுசு போச்சு தம்பி, எனக்குத் தெரியாதா?” என்று சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். ஆறு பேர் சேர்ந்தார்கள்.

இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் கையேந்தி வசூல் செய்ய முடியாது, செய்தால் உள்ளே போக வேண்டியதுதான். ஆகவே எல்லாம் முறைப்படி. ஒப்பந்தம், வணிக உரிமத்தின் நகல், அடையாள அட்டை நகல், முத்திரை. முத்திரை மங்கலாக விழுந்தது என்று ஒன்று திரும்பி வந்தது, முத்திரை ஒப்பந்தத்தின் கையெழுத்தைத் தொடவில்லை என்று இன்னொன்று. பணம் வங்கி வழியாக நேரே கல்லூரிக் கணக்குக்குப் போனது. அணி பிழைத்தது.

பனியன் வந்தது. முதுகில் நம்பருக்கு இடம் போக ஆறு கடைகளின் பெயர். எதிரணிகளுக்கு விமானக் கம்பெனியும் வங்கியும் விளம்பரம். எங்கள் டேனியல் முதுகில் முத்துவேல் மெஸ், அதற்குக் கீழே சிகை அலங்கார நிலையம்.

“அப்பா, திஸ் இஸ் ஸோ எம்பாரஸிங். எல்லாரும் எங்கள புரோட்டா பாய்ஸ்னு சொல்றாங்க.”

“புரோட்டா என்ன கேவலமா?”

மறுபடியும் அடுத்த அறைக்குப் போய்விட்டான். ஆனால் அந்த சீசனில் புரோட்டா பாய்ஸ் மூன்றாவதாக வந்தார்கள்.

5

பத்திரிகை வந்த அன்றே முத்துவேல் அண்ணன் போன் செய்தார்.

“பேத்திக்குக் காது குத்து தம்பி. டீம அழச்சிக்கிட்டு வந்துடுங்க. நான் செஞ்சது ரெண்டாயிரம். சும்மா ஞாபகத்துக்குச் சொல்றேன்.”

“அண்ணே, அது ஸ்பான்சர்ஷிப். கல்லூரிக்குப் போன பணம்...”

“மொய்யின்னு நெனச்சுக்கங்கன்னு நீங்கதான சொன்னீங்க? நெனச்சுக்கிட்டேன்.”

அண்ணன் விடவில்லை. “மத்த அஞ்சு பேரும் எங்கிட்டதான் கேக்குறாங்க. டீமு திருப்பிச் செய்யிதான்னு பாத்துட்டு அடுத்த வருசம் எழுதலாம்னு இருக்காங்க” என்றார். ஒப்பந்தங்கள் ஆறும் அடுத்த மாதம் முடிகின்றன. நிரஞ்சனுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. அண்ணன் சொன்னது மிரட்டல் இல்லை, வெறும் தகவல்தான். அதனால்தான் மறுநாளே கல்லூரிக்கு ஓடினேன்.

கல்லூரி நிதிப் பிரிவில் நாதியா மேடம் என்று ஒருவர், எகிப்துக்காரர். எண்களில் புலி. அவரிடம் போய் உட்கார்ந்தேன்.

“விளம்பரப் பணத்தைத் திருப்பிக் கேட்கிறாரா?”

“இல்லை மேடம். அவர் பேத்திக்குக் காது குத்துகிறார்கள்.”

“வாழ்த்துகள். நமக்கும் அதற்கும் என்ன?”

விளக்கினேன். பழசு, புதுசு எல்லாம் சொன்னேன். மேடம் பேனாவை மூடி வைத்தார்.

“அந்தப் புதுசு வட்டியா?”

“ஐயோ, இல்லை.”

“அன்பளிப்பா?”

“அப்படியும் இல்லை. அவர் திருப்பித் தருவார்.”

“எப்போது?”

“நமக்கு ஒரு விசேஷம் வரும்போது.”

“சரி, இரண்டாயிரத்தை மட்டும் கொடுத்துக் கணக்கை முடித்துவிடலாமா?” என்று மெதுவாகக் கேட்டார்.

“முடித்தால் சண்டை என்று அர்த்தம், மேடம்.”

இந்தச் செலவுக்குத் தலைப்பு கிடையாது, தலைப்பு இல்லாத செலவு கிடையாது, மன்னிக்கவும் என்றார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். ஆனால் வாசல்வரை வந்து வழியனுப்பினார். “இது நல்ல முறை. வங்கிகளுக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று சிரித்தார்.

6

என் கையிலிருந்து போட்டுவிடலாம் என்று வீட்டில் சொன்னேன். கலா மாவு பிசைந்துகொண்டிருந்தாள்.

“நீங்க செஞ்சா அது நம்ம வீட்டு மொய். டீமு மொய் ஆவாது. அண்ணன் பணத்தப் பாக்க மாட்டாரு, யாரு கையின்னுதான் பாப்பாரு.”

எங்கள் பக்கத்துப் பெண்களிடம் மொய் விஷயத்தில் வாதாட முடியாது. நான் கூடத்துக்கு வந்து தொலைக்காட்சியைப் போட்டேன். நிரஞ்சன் தண்ணீர் குடிக்கச் சமையலறைக்குப் போனவன் அங்கேயே நின்றுவிட்டான்.

“அம்மா, மொய்னா எக்ஸாக்ட்லி என்ன?”

கலா சொன்னாள். எனக்கு ஒரு பத்தி ஆனது அவளுக்கு இரண்டு வரியில் முடிந்தது.

“ஸோ, அது பாஸ் மாதிரி. அவங்க பாஸ் பண்ணா நாம திருப்பிப் பாஸ் பண்ணணும். பந்த கையிலயே வச்சுக்கக் கூடாது.”

“ஆமா. வச்சுக்கிட்டா அப்புறம் ஒருத்தனும் ஒனக்குப் போட மாட்டான்.”

மறுநாள் பயிற்சி முடிந்து அவன் தாமதமாக வந்தான். மூன்றாவது இடத்துக்கு அணிக்குக் கிடைத்த பரிசுப் பணத்தில் பையன்கள் ஓமானில் இருக்கும் முஸந்தமுக்குப் படகுச் சவாரி போவதாக இருந்தார்கள். உடை மாற்றும் அறையில் இவன் என்ன பேசினானோ எனக்குத் தெரியாது. சொல்லவும் மாட்டேன் என்கிறான். படகு ரத்து. நூறு திர்ஹம் குறைந்ததாம், அதைக் கோச் போட்டாராம். காது குத்துவதற்கு எதற்கு விருந்து என்று டேனியல் கேட்டானாம். கறிச் சாப்பாடு என்று தெரிந்ததும் மேற்கொண்டு கேட்கவில்லையாம்.

7

விழா கராமாவில் ஒரு ஹாலில். அணி மெட்ரோவில் வந்து இறங்கி, வரிசையாக, பனியனோடு உள்ளே நுழைந்தது. டேனியல் வாசலில் குனிந்தும் மாவிலைத் தோரணம் தலையில் மாட்டிக்கொண்டு கூடவே வந்தது. பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். குழந்தைகள் அவன் முழங்காலைத் தொட்டுவிட்டு ஓடினார்கள். முத்துவேல் அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடிவந்து, ஒவ்வொருவன் முதுகையும் திருப்பி, தன் கடைப் பெயரை வந்தவர்களுக்குக் காட்டினார். “படிங்க, படிங்க. இப்ப ஓடல, நிக்கிறான்” என்றார்.

கோச் “யல்லா” என்றதும் பந்தியில் உட்கார்ந்தார்கள். முதல் சுற்றில் அண்ணன் பெருமையாகப் பரிமாறினார். மூன்றாவது சுற்றில் சமையல்காரரைத் தனியாகக் கூப்பிட்டு ஏதோ காதில் சொன்னார். அதற்குப் பிறகு ரசம் மட்டும் தாராளமாக வந்தது.

சாப்பிட்டு முடித்ததும் எல்லோரும் மொய் மேசைக்கு வந்தார்கள். எழுதியவர் அண்ணனின் மைத்துனர், ஷார்ஜாவில் டிரைவர் வேலை. ஊரில் பந்தல் பந்தலாக எழுதிய கை. எழுதியதை மைக்கில் வாசிக்கப் பக்கத்தில் ஒருவர் நின்றார். நிரஞ்சன் பணத்தை வைத்தான். எதைச் சொல்ல வேண்டும் என்று கலா சொல்லிக்கொடுத்திருந்தாள்.

“பழசு ரெண்டாயிரம். புதுசு ஐநூறு.”

முத்துவேல் அண்ணன் இரண்டு கையையும் இடுப்பில் வைத்துக்கொண்டார். “பாருங்கய்யா, ஐநூறு ஏத்திப்புட்டானுவ! இனிமே நான் சும்மா இருக்க முடியுமா? வருசா வருசம் சீசன்னு காது குத்திக்கிட்டே இருப்பானுவளே” என்று சுற்றி நின்றவர்களிடம் முறையிட்டார். முறையீட்டில் சந்தோஷம்தான் இருந்தது. ஷாஜகான் காக்கா கூட்டத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து எனக்குத் தலையை ஆட்டினார். அந்த ஆட்டலுக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். மற்ற ஐந்து பேரும் எழுதுவார்கள். அணி இருக்கும், தள்ளுபடி இருக்கும், பையன் இங்கேயே படித்து முடிப்பான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. ரசத்தின் காரம் என்று பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னேன்.

“யாரு பேருல எழுதுறது?” என்று கேட்டார் மைத்துனர்.

“ஆண்கள் கூடைப்பந்து அணி” என்றேன் நான்.

“அப்புடியெல்லாம் எழுத முடியாதுங்க. மொய்யின்னா ஆளு வேணும். நாளைக்கி நாங்க யாருக்குத் திருப்பிச் செய்யிறது?”

அணி ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது. டேனியல், நிரஞ்சனின் தோளில் கையை வைத்து முன்னால் தள்ளினான்.

“நிரஞ்சன்” என்றான் என் மகன். “சாமிநாதன் மகன்.”

“எந்த ஊரு?”

நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டேன். மைக் பிடித்தவர் எங்கள் ஊர்ப் பெயரை இந்த ஹாலில் முழங்கப் போகிறார் என்று காத்திருந்தேன்.

“கராமா.”

எனக்குச் சுருக்கென்றது. விசா முடிந்தால் பெட்டி கட்ட வேண்டிய இடம். இருபத்தைந்து வருடத்தில் ஒரு நாளும் இதை என் ஊர் என்று என் வாய் சொன்னதில்லை. கூடத்தில் யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். யாரும் சிரிக்கவில்லை. மைத்துனர் தலையைக்கூடத் தூக்கவில்லை, எழுதிக்கொண்டே அடுத்ததைக் கேட்டார்.

“கராமாவுல எந்தத் தெரு?”

அவனுக்கு உதவலாம் என்று நான் வாயைத் திறந்தேன். மீன் மார்க்கெட்டுக்குப் பின்னால், சலூனுக்கு எதிரே என்றுதான் வந்தது. என் ஊரில் எந்தத் தெருவில் எந்த வீடு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். நான் இத்தனை வருடம் குடியிருக்கும் தெருவின் பெயர் எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

“பதினெட்டு பி” என்றான் நிரஞ்சன்.

மைத்துனர் எழுதினார். மைக் பிடித்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ஹால் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்.

“கராமா, பதினெட்டு பி தெரு, சாமிநாதன் மகன் நிரஞ்சன். பழசு ரெண்டாயிரம். புதுசு ஐநூறு.”